வாசல் மரத்துக்கு என்ன விலை?

வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் நம் ஊரில் குறைவு. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொடுத்தால் முற்றல். கடைக்காரர் முறைப்பார், நாமும் ஒன்றும் தெரியாத மாதிரி அடுத்த காயை எடுப்போம். நாம் காசு கொடுப்பது காய்க்கு அல்ல, காயின் குணத்துக்கு என்பது அந்த விரலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் குணத்துக்கு மட்டும் தனியாக எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டால் விழிப்போம். விலை கிலோவுக்குத்தான் சொல்லப்படுகிறது. பிஞ்சுத்தன்மைக்கு எந்தக் கடையிலும் தனித் தராசு இல்லை.

1928இல் ஃபிரெடரிக் வாஹ் என்ற அமெரிக்க வேளாண் பொருளாதார நிபுணர் அந்தத் தராசைச் செய்துபார்த்தார். இடம் பாஸ்டன் நகரத்தின் மொத்த விற்பனைச் சந்தை. எடுத்துக்கொண்ட காய் ஆஸ்பராகஸ். நம் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதில் தண்டைத்தான் சாப்பிடுவார்கள். தண்டின் மேல்பக்கம் பச்சையாகவும் அடிப்பக்கம் வெளுத்தும் இருக்கும். கட்டுக்கட்டாக விற்பனைக்கு வந்த தண்டுகளின் நீளம், பருமன், பச்சை எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் அளந்து, அன்றைக்குப் போன விலையோடு வைத்துப் பார்த்தார் வாஹ். பச்சை ஓர் அங்குலம் கூடினால் டஜன் கட்டுக்கு ஏறக்குறைய 38 சென்ட் விலை கூடியது. சந்தையில் யாரும் வாய்திறந்து சொல்லாத கணக்கு. வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்குமே தெரியாத கணக்கு. பச்சைக்கு ஒரு விலை இருந்தது. அது கட்டுக்குள் ஒளிந்திருந்தது.

வீடும் அப்படி ஒரு கட்டுதான். புரோக்கர் ஒப்பிக்கும் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ரெண்டு பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசல், போர் தண்ணி நல்லா இருக்கும், பஸ் ஸ்டாப் நடக்கிற தூரம். இத்தனையும் சேர்த்துத்தான் ஒரே தொகை. கிழக்கு வாசலுக்கு இவ்வளவு, பஸ் ஸ்டாப்புக்கு இவ்வளவு என்று பில் போட்டு யாரும் தருவதில்லை. நான் வாடகைக்கு வீடு பார்த்து அலைந்த நாட்களில் ஒரு புரோக்கர் வாசல் வேப்பமரத்தைக் காட்டி, "இதுக்கெல்லாம் தனியா காசு வாங்கல சார்" என்றார் பெருந்தன்மையாக. வாங்கியிருந்தார். அடுத்த தெருவில் அதே அளவு வீடு ஆயிரம் ரூபாய் குறைவு. அந்தத் தெருவில் மரம் கிடையாது.

ஆனால் அந்த ஆயிரமும் மரத்துக்குத்தானா? அந்தத் தெரு சாக்கடைக்குப் பக்கமாக இருந்திருக்கலாம், கட்டடம் பழையதாக இருந்திருக்கலாம். இங்கேதான் வேலை நுணுக்கமாகிறது. இரண்டு வீட்டை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. ஆயிரக்கணக்கான வீடுகளின் விற்பனை விலையை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பரப்பளவு, வயது, அறைகள், குளியலறைகள், பள்ளிக்கூடம் எத்தனை தூரம், கட்டடத்தின் நிலை என்று தெரிந்ததையெல்லாம் குறிக்க வேண்டும். பிறகு, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து மரம் மட்டும் மாறினால் விலை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கைக் கேட்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது போல. ஒரு சாட்சி பொய் சொல்லலாம். மூவாயிரம் சாட்சிகளும் ஒரே பக்கம் சாய்ந்து பொய் சொல்வது கடினம். இந்த முறைக்கு ஹெடோனிக் விலைமுறை என்று பெயர். இன்பம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கார் விலைகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ கோர்ட் 1939இல் வைத்த பெயர். 1974இல் ஷெர்வின் ரோசன் அதற்கு முறையான கோட்பாடு எழுதினார். பெயர் பெரிது, காரியம் வெண்டைக்காய் நுனிதான்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லேண்ட் நகரத்தில் ஜெஃப்ரி டோனோவன், டேவிட் பட்ரி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த முறையை வாசல் மரங்களின் மேல் பிரயோகித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை 2006-07இல் விற்பனையான தனிவீடுகள். வீட்டின் முன்னால் தெருவோரம் எத்தனை மரம், நூறடி தூரத்துக்குள் எவ்வளவு மரநிழல் என்று கணக்கெடுத்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. தெருமரங்களால் ஒரு வீட்டின் விலை சராசரியாக 8,870 டாலர் கூடியிருந்தது. நடுத்தர வீட்டு விலையில் ஏறக்குறைய 3 சதவீதம். வீட்டுக்கு இன்னும் 129 சதுர அடி கட்டிச் சேர்த்தால் எவ்வளவு விலை கூடுமோ அவ்வளவு. நம் கணக்கில் பத்துக்குப் பதின்மூன்று பெட்ரூம் ஒன்று. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, பிளான் அப்ரூவல் இல்லை. இதோடு, மரமுள்ள வீடுகள் 1.7 நாள் முன்னதாகவே விலைபோயின.

எனக்கு அந்த ஆய்வில் பிடித்த இடம் இதுவல்ல. மரம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டோடு அதன் மதிப்பு நிற்கவில்லை. நூறடிக்குள் இருந்த அக்கம்பக்கத்து வீடுகளின் விலையும் ஏறியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம்தான். ஆனால் கூட்டிப் பார்த்தால், மரத்தை வைத்திருப்பவருக்குக் கிடைத்ததைவிட அக்கம்பக்கத்தாருக்குக் கிடைத்தது அதிகம். தெருமரத்தை நடுவதும் பராமரிப்பதும் அப்போது போர்ட்லேண்டில் வீட்டுக்காரர் பொறுப்பு. இலை கூட்டுவது அவர், வேர் தூக்கிய நடைபாதைக் கல்லைச் சரிசெய்வது அவர். பலனில் பெரும்பங்கு எதிர்வீட்டுக்காரருக்கு. அப்படியென்றால் வீட்டுக்காரர்களிடம் மட்டும் விட்டுவிட்டால் ஊருக்குத் தேவையான அளவு மரம் ஒருநாளும் நடப்படாது. இதை டோனோவனும் பட்ரியுமே எழுதியிருக்கிறார்கள். மொட்டைமாடியில் கோலம் போட்டுக்கொள்கிறவர் உண்டா? வாசலில் போடுவதால்தான் தெருவே பார்க்கிறது. மாவு மட்டும் நம் வீட்டு மாவு.

சரி, வாங்குகிறவர் எதற்காக அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்? அழகு ஒரு காரணம். அதை அளப்பது கஷ்டம். குளிர்ச்சியை அளக்கலாம்.

மரநிழல் பந்தல் நிழலைவிடக் குளுமையானது என்று புங்கமரத்தடியில் பைக்கை நிறுத்துகிறவருக்குத் தெரியும். தகரக் கூரை வெயிலை மறைத்துவிட்டுத் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். இலை சூடேறுவதில்லை, ஏனென்றால் அது வேர்க்கிறது. ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வாய்கள். வேர் உறிஞ்சிய தண்ணீர் அவை வழியாக ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்தாக வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். தண்ணீர் தட்டுப்பாடில்லாத ஒரு பெரிய மரம் கோடைநாளில் நூறு லிட்டர் வரை ஆவியாக்கும் என்று வைத்துக்கொண்டால், அது அப்புறப்படுத்தும் வெப்பம் ஏறக்குறைய 68 யூனிட். ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் 13 மணி நேரம் ஓடி இழுக்கிற வெப்பம் அது. ஏசி அந்த வெப்பத்தை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து, தான் தின்ற கரண்டின் சூட்டையும் சேர்த்து, தெருவில் போகிறவர் முகத்தில் கொட்டும். மரம் அதை நீராவிக்குள் பூட்டி மேலே அனுப்பிவிடும். (புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் இந்த வித்தை கொஞ்சம் மந்தமாகத்தான் நடக்கும். அங்கே நிழலே பெரிய உதவி.)

இன்னொரு காரணம் உடம்பு. இதைச் சோதிக்க வழியிருக்கிறதா? ஓர் ஊரில் மரங்களை வெட்டிவிட்டு ஜனங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க எந்த ஆய்வாளருக்கும் அனுமதி கிடைக்காது. ஒரு வண்டு அனுமதி கேட்காமல் செய்தது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சையில் மின்னும் சிறு வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் என்ற ஒரு மரவகையை மட்டும் தேடிப் பிடிக்கும். பட்டைக்கு அடியில் இருந்து அதன் புழுக்கள் தின்னத் தின்ன, சில வருஷத்தில் மரம் நின்றபடி காய்ந்துவிடும். தெருவுக்கே நிழல் தந்த வரிசைகள் அப்படியே போயின. கோடிக்கணக்கான மரங்கள் செத்ததாகக் கணக்கு. மேலே சொன்ன அதே டோனோவன் இந்த அழிவை ஒரு சோதனையாகப் பார்த்தார். 15 மாநிலங்களில், 1990 முதல் 2007 வரை, வண்டு நுழைந்த மாவட்டங்களின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார். வருமானம், கல்வி போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், இதய, ரத்தநாள நோய்களால் ஏறக்குறைய 15,000 பேரும் சுவாச நோய்களால் 6,000 பேரும் கூடுதலாக இறந்திருந்தார்கள். மரம் செத்ததால் மனிதர் செத்தார் என்று இதை நேராக நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க மரம் மட்டும் மறைந்துபோகிற சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை. இந்த ஆய்வைப் படித்த பிறகு பட்டுப்போன மரத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இனி வீட்டுச் சந்தைக்கு வருவோம். டோனோவனும் பட்ரியும் எடுத்துக்கொண்ட 2006-07 சாதாரண வருஷங்கள் அல்ல. அமெரிக்க வீட்டு விலை உச்சியில் இருந்து தள்ளாடிய காலம். திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வாரி வழங்கிய வீட்டுக்கடன்கள் வரிசையாக முறிந்தன. 2008இல் வங்கிகள் சரிந்தன. நாடு முழுக்க விலை கால்பங்குக்கும் மேல் விழுந்து 2012 தொடக்கத்தில்தான் தரைதட்டியது. போர்ட்லேண்டிலும் ஏறக்குறைய 30 சதவீதம் சரிவு. ஆகவே பசுமையான ஊர் என்றால் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விழுந்தது.

விழுந்த விதத்தில்தான் வித்தியாசம். போர்ட்லேண்டைச் சேர்ந்த ஜோ கார்ட்ரைட் என்ற பொருளாதார நிபுணர் 2008இல் ஒன்றைக் கவனித்தார். அந்தக் கோடையில் அமெரிக்காவில் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியிருந்தது. வீட்டு விலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. பால் வாங்கவும் கார் எடுக்க வேண்டிய தூரத்துப் புறநகர்களில் அடி பலம். ஊர் நடுவுக்கு நெருங்க நெருங்க அடி குறைவு. மாதத் தவணையைப் பார்த்து "கட்டுப்படியாகும்" என்று தூரத்தில் வீடு வாங்கியவர்கள், பெட்ரோலும் வீட்டு விலையில் ஒரு பகுதி என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள். அடுத்த வருஷம் அதே கார்ட்ரைட் 15 நகரச் சந்தைகளில் 90,000க்கும் அதிகமான வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார். கடை, பள்ளி, பூங்கா எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால், பெரும்பாலான ஊர்களில் வீட்டு விலையும் அதிகம். பச்சை நகரம் என்றால் மரம் மட்டும் இல்லை. நடக்க முடிகிற ஊர், கார் இல்லாமல் காலந்தள்ள முடிகிற ஊர். மரமில்லாத தெருவில் மே மாதம் யார் நடப்பது என்று யோசித்தால் இரண்டும் ஒன்றே.

போர்ட்லேண்ட் இதற்குப் பல காலம் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது, ஏதோ தற்செயலாக அல்ல. 1973இல் ஆரிகன் ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே ஊர், வெளியே வயலும் காடும். நம் ஊர்ப் பக்கம் எல்லைக்கல் நட்டு எல்லைச்சாமியையும் நிறுத்துவோமே, அந்த மாதிரி; சாமிக்குப் பதில் சட்டம். 1974இல் ஆற்றங்கரையோரம் ஓடிய ஹார்பர் டிரைவ் என்ற வேகச்சாலையை மூடிப் பெயர்த்துவிட்டுப் பூங்கா போட்டார்கள். அதே காலத்தில் மவுண்ட் ஹூட் ஃப்ரீவே என்ற இன்னொரு பெரிய சாலைத் திட்டத்தைக் கைவிட்டு, அதற்கு ஒதுக்கிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பினார்கள். 1986இல் இலகுரயில் ஓடியது. ஊருக்குள்ளேயே 5,200 ஏக்கரில் ஒரு காடு இருக்கிறது. ஃபாரஸ்ட் பார்க் என்று பெயர். பூங்கா என்று சொன்னாலும் உள்ளே போனால் காடுதான்.

2012க்குப் பிறகு விலை திரும்பியபோது இந்த ஊர் முன்வரிசையில் நின்றது. அமெரிக்க வீட்டு விலைக் குறியீடு பழைய உச்சியைத் திரும்ப எட்டுவதற்கு 2016 கடைசி ஆயிற்று. அந்த 2016இல் போர்ட்லேண்ட் விலை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்தது. சியாட்டிலும் டென்வரும் மட்டுமே அதற்கு ஈடு. மரத்தைப் பார்த்து மட்டும் யாரும் ஊர் மாறுவதில்லை. வேலை இருந்தது, இளைஞர்கள் வந்தார்கள், எல்லைக்கோட்டால் புது மனை அளவோடுதான் கிடைத்தது. இதில் எது எத்தனை பங்கு என்று பிரிப்பது ஆஸ்பராகஸ் தண்டில் பச்சையை அளப்பது போலச் சுலபமில்லை. ஆனால் வந்தவர்கள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள் என்பதில் சைக்கிளுக்கும் டிராமுக்கும் மரத்துக்கும் பங்குண்டு.

பச்சை வீட்டு விலையை மீட்கும் என்பதை இன்னும் தெளிவாகக் காட்டியது பணக்கார ஊர் அல்ல, நொடித்துப்போன ஊர். பிலடெல்பியாவில் 1950இல் 20 லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். ஆலைகள் மூடப்பட்டன, 2000இல் 15 லட்சம்தான். போனவர்கள் விட்ட வீடுகள் இடிந்தன. ஏறக்குறைய 40,000 காலி மனைகள். காலி மனை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை: இடுப்பளவு புதர், உடைந்த கம்மோடு, டயர், மெத்தை. அந்த ஊரில் கூடுதலாக ஒன்று. துப்பாக்கியை ஒளித்துவைக்கவும் புதர் வசதி.

பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் இந்த மனைகளைச் செப்பனிடத் தொடங்கியது. செய்தது மிகச் சாதாரணமான வேலை. குப்பையை அள்ளி, தரையைச் சமன்படுத்தி, புல் விதைத்து, ஓரங்களில் சில மரக்கன்று நட்டு, சுற்றிலும் ஒரு மரவேலி. அந்த வேலியை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உயரம் குறைவு, இரண்டு குறுக்குக் கட்டைகள்தான். நடுவில் ஆள் நுழைய இடைவெளி விட்டிருப்பார்கள். குழந்தை ஓடலாம், பாட்டி நாற்காலி போட்டு உட்காரலாம். குப்பை லாரி மட்டும் ஏற முடியாது. பூட்டு கிடையாது, பலகை கிடையாது. இது யாரோ பார்த்துக்கொள்கிற இடம் என்பதை அந்தக் குறைந்த வேலியே சொல்லிவிடும். நான் பார்த்த அரசாங்க முள்வேலிகள் எதுவும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

இதன் பலன் வீட்டு விலையில் தெரிந்தது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் சூசன் வாக்டர், நியூ கென்சிங்டன் என்ற பகுதியை ஆராய்ந்தபோது, சீராக்கிய மனைக்கு அருகில் உள்ள வீடுகளின் விலை அதிகபட்சம் 30 சதவீதம் வரை கூடியிருந்தது. மரக்கன்று நட்ட இடத்தில் 10 சதவீதம் அளவுக்கு. பிறகு பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் வந்தார்கள். 541 மனைகளைத் தேர்ந்து, மருந்துச் சோதனை போலவே, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் புல்லும் மரமும் வேலியும். சிலவற்றில் குப்பை அள்ளுவது மட்டும். சிலவற்றில் ஒன்றும் செய்யவில்லை. 2018இல் முடிவுகள் வெளிவந்தன. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. பச்சை போட்ட மனைக்கு அருகில் வாழ்ந்தவர்களில், மனச்சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைவு. ஒரு மனைக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,600 டாலர். மரமும் புல்லும் நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் ஏராளம். குலுக்கிப் போட்டுப் பிரித்து நிரூபித்தவை குறைவு. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

இத்தனை நல்லதென்றால், யாருக்கு இது இதுவரை கிடைக்கவில்லை?

1930களில் அமெரிக்க அரசின் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. எந்தப் பகுதியில் கடன் கொடுத்தால் திரும்பும் என்று நான்கு நிறத்தில் குறித்தார்கள். சிறந்த பகுதிக்குப் பச்சை. ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவரும் புதிதாகக் குடியேறியவர்களும் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. வரைந்தவர்கள் மரத்தைப் பற்றி நினைத்து அந்த நிறங்களைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2020இல் 108 நகரங்களின் தரைவெப்பத்தைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்து அந்தப் பழைய வரைபடங்களின் மேல் வைத்துப் பார்த்தபோது, 94 சதவீத நகரங்களில் சிவப்பு சூடாக இருந்தது. சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம். தொண்ணூறு வருஷத்துக்கு முன் காகிதத்தில் பூசிய பச்சை இன்று தரையிலும் பச்சை. சிவப்பு இன்று கொதிக்கிறது. கடன் மறுத்த இடத்தில் முதலீடு இல்லை. முதலீடு இல்லாத இடம் மலிவு. மலிவான இடத்தின் வழியாகத்தான் நெடுஞ்சாலை போகும், கிடங்கு வரும், தார் பரவும். அந்த ஆய்வில் வித்தியாசம் மிக அதிகமாக, ஏறக்குறைய 7 டிகிரி இருந்த ஊர்களில் ஒன்று போர்ட்லேண்ட். ஆம், அதே பசுமை நகரம்.

2021 ஜூன் 28 அன்று போர்ட்லேண்டில் 46.7 டிகிரி பதிவானது. அந்த ஊரின் வரலாற்றில் இல்லாத வெயில். வேலூர்க்காரரே விசிறியைத் தேடுவார். அந்த 2020 ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான விவேக் ஷந்தாஸ் அன்று வெப்பமானியோடு காரில் ஊரைச் சுற்றினார். மரங்கள் அடர்ந்த வில்லாமெட் ஹைட்ஸ் பகுதியில் காற்று 37 டிகிரி. நெடுஞ்சாலை பிளந்துகொண்டு போகும் லென்ட்ஸ் பகுதியில் 51 டிகிரி. ஒரே நாள், ஒரே ஊர், 14 டிகிரி வித்தியாசம். அந்த வெப்ப அலையில் அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தனியாக, ஏசி இல்லாத வீட்டில் இருந்த வயதானவர்கள்.

அப்படியானால் லென்ட்ஸில் மரம் நடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். விலை குறுக்கே நிற்கிறது. மரத்தால் வீட்டு விலை கூடும் என்று இவ்வளவு நேரம் மகிழ்ந்தோம். சொந்த வீட்டுக்காரருக்கு அது லாபம். வாடகைக்காரருக்கு அது வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ். போர்ட்லேண்டின் வடக்கே ஆல்பினா என்ற பகுதி, கறுப்பினத்தவர் வேறெங்கும் வீடு கிடைக்காமல் சேர்ந்து வாழ்ந்த இடம். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை விளையாட்டரங்கம், நெடுஞ்சாலை, மருத்துவமனை விரிவாக்கம் என்று நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். பல வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஊர் பசுமையாகிப் புகழ்பெற்றது; காபிக் கடைகள் வந்தன, விலை ஏறியது. 2000க்கும் 2010க்கும் இடையே, பெரும்பாலும் கறுப்பினத்தவரான ஏறக்குறைய 10,000 பேர் நகரின் மையப்பகுதிகளை விட்டு, வாடகை மலிந்த ஓரங்களுக்குப் போனார்கள். ஓரங்களில் மரம் குறைவு. 2011இல் ஆல்பினாவின் வில்லியம்ஸ் வீதியில் சைக்கிள் பாதையை அகலப்படுத்த நகராட்சி கூட்டம் போட்டபோது, பழைய குடிகள் சண்டைக்கு எழுந்தார்கள். சைக்கிள் மேல் அவர்களுக்கு என்ன பகை? இத்தனை வருஷம் நாங்கள் பாதுகாப்பான தெரு கேட்டபோது காது கேளாமல் இருந்தீர்களே, இவர்கள் வந்ததும் பாதை போடுகிறீர்களே என்பதுதான் மனக்குறை.

ஊர் இதை ஒரேயடியாகக் காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை. 2019இல் ஆரிகன் மாநிலம், பெரிய ஊர்களில் ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் நான்கு குடித்தனம் வரை கட்ட வழிவிட்டது. 2018இல் போர்ட்லேண்ட் வாக்காளர்கள் பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள் மேல் 1 சதவீதத் தீர்வை போட ஓட்டளித்தார்கள். பணம் பருவநிலைப் பணிகளுக்கு. வருமானம் குறைந்த பகுதிகளில் மரம் நடுவதற்கும் அதிலிருந்து ஒதுக்கப்படுகிறது. அக்கம்பக்கத்தாருக்கும் போய்ச்சேரும் பலனுக்கு ஊரே சேர்ந்து பணம் போடுவது சரியான கணக்குதான்.

ஆனால் மரம் நடப் பணம் இருந்தும் பலர் வேண்டாம் என்று சொன்ன ஊர் ஒன்று உண்டு. டெட்ராய்ட். மேலே சொன்ன வண்டு முதலில் தென்பட்ட வட்டாரத்து ஊர். கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வீடுகள் ஆயிரக்கணக்கில் ஜப்தியான ஊர். 2011க்கும் 2014க்கும் இடையே, அங்கே ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக வாசலில் மரம் நட முன்வந்தது. தகுதியுள்ள 7,425 வீட்டுக்காரர்களில் 1,800 பேர், கிட்டத்தட்ட நாலில் ஒருவர், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று முதலில் நினைத்தார்கள். கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். மரத்தின் நன்மை அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நிழல், காற்று, பறவை எல்லாம் அவர்களே சொன்னார்கள். கூடவே வேறொன்றும் சொன்னார்கள். நகராட்சியின் மரங்கள் காய்ந்து, கிளை முறிந்து, வீட்டு மேலே சாய்ந்தபடி பல வருஷம் நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். 1967 கலவரத்துக்குப் பிறகு தங்கள் தெரு மரங்களை நகராட்சி வெட்டித் தள்ளியது ஹெலிகாப்டரில் இருந்து தங்களை வேவு பார்க்கத்தான் என்பது அவர்களில் சிலர் நினைவு. வீட்டைச் சுற்றி நாலு காலி மனை. அங்கே வளர்கிற காட்டையே யாரும் பார்ப்பதில்லை. இந்த லட்சணத்தில் வாசலிலும் ஒரு மரத்தை நட்டுவிட்டுப் போனால், நாளைக்கு அதன் இலையை யார் கூட்டுவது, தண்ணீர் யார் ஊற்றுவது, விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன மரம் என்று எங்களைக் கேளுங்கள். நட்ட பிறகும் வந்து பாருங்கள்.